குடிக்கூலி வீட்டில் கோலமிடும் தமிழரே!



கடைப்பலகையில் ஒரு கலப்புச்சொல் கண்டால் நாம் கொதிக்கின்றோம். மணவிழா அழைப்பிதழில் ஒரு வடசொல் புகுந்துவிட்டால் அச்சகத்தாரோடு வழக்காடுகின்றோம். நன்று! கொதிக்கத்தான் வேண்டும். ஆனால், அவ்வழைப்பிதழை எழுதிய கணினி எவன் ஆணைக்கு இயங்குகின்றது என்று என்றேனும் எண்ணிப் பார்த்தோமா? வீடு அயலானுடையது, திறவுகோலும் அவன் இடுப்பில் தொங்குகின்றது, நாமோ வாசலில் தமிழ்க்கோலம் இட்டுவிட்டு வீடே நமதென்று மகிழ்ந்திருக்கின்றோம்!

என் இழப்பையே முதலிற் கூறுவேன். தாம்பரத்தை அடுத்துள்ள பள்ளியொன்றில் தமிழ் கற்பிப்பவன் யான். கால் நூற்றாண்டுக்கு முன், இப்பகுதி உழவரும் குயவரும் வழங்கிய சொற்களை ஊரூராய்ச் சென்று தொகுத்தேன். காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் மென்பொருளில் அவற்றையெல்லாம் ஏற்றி வைத்தேன். அந்நாளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி எழுத்துக் குறியீடு வைத்திருந்தது. என் மென்பொருளை விற்றவர் அதன் அட்டவணையை வெளியிடாமலே தொழிலை நிறுத்திவிட்டார். இன்று அக்கோப்பைத் திறந்தால் புள்ளியும் கோடும் கீறலுமே தெரிகின்றன! அச்சொற்களைச் சொன்ன முதியோரிற் பலர் இன்றில்லை. ஓலைச்சுவடிகளைச் செல்லரித்தது என்று அழுதோமே, என் தொகுப்பை எது அரித்தது? பூட்டு அரித்தது!

இனி, இப்பூட்டு எத்தகையது என்று பார்ப்போம். ஒரு மென்பொருளை மாந்தர் எழுதும் வடிவம் மூலநிரல். வணிக நிறுவனங்கள் அதை மறைத்துக்கொண்டு, இயங்கும் வடிவத்தை மட்டுமே விற்கின்றன. அதையும் விற்பதில்லை, பயன்படுத்தும் இசைவை மட்டுமே தருகின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் மைக்ரோசாப்டு நிறுவனம் 'விண்டோசு 10'-க்கான பொதுப் பாதுகாப்பை நிறுத்தியது. அதன் அடுத்த பதிப்போ பழைய பொறிகளிற் பலவற்றை ஏற்பதில்லை. பழுதற்ற கணினிகள் ஒரே நாளிற் பழம்பொருளாயின! குடியிருப்பவனைக் கேட்டா வீட்டுக்காரன் வீட்டை இடிக்கின்றான்?

இவ்வடிமைத்தளையை எதிர்த்தே 1983-இல் அமெரிக்கரான இரிச்சர்டு சுட்டால்மன் 'குனூ' என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்தசு அதற்கு வாய்ப்பான 'இலினக்சு' கருவினை ஆக்கினார். இதனை எப்பணிக்கும் இயக்கலாம், உள்ளே பார்த்துக் கற்று மாற்றலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், மாற்றியதையும் வழங்கலாம். இந்நான்கும் உரிமைகள். விலையின்மை இதன் சிறுபயனே. விடுதலையே இதன் உயிர்.

இதற்கும் நம் மண்ணுக்கும் என்ன தொடர்பு என்பீர்களோ? கேளுங்கள்! 1911-இல் பல்லாவரத்திற் குடியேறிய மறைமலையடிகள் 1916-இல் அங்கிருந்தே தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அதற்கு அடுத்த தொடர்வண்டி நிலையம் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு-கே.பி.சி. ஆய்வு நடுவமும் சென்னைச் சி-டாக்கும் இணைந்து, 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான வள நடுவத்தைத் தொடங்கின. அம்முயற்சியில் விளைந்து 2007-இல் வெளிவந்ததே 'பாசு' இலினக்சு. தமிழிலேயே அதன் பட்டிகளைக் காணலாம். அதே காலத்தில் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராயிருந்த உமாசங்கர், அங்குள்ள கணினிகளை இலினக்சுக்கு மாற்றிக் காட்டினார். 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசோடு பாசும் இருந்தது.

இருந்தும் என்ன? என் மாணவர் பலர் முதற் கிழமையிலேயே அதை நீக்கிவிட்டனர். குற்றம் அவர்களதன்று, அதன் அருமையைச் சொல்லிக் கொடாத என்போன்ற ஆசிரியரது! அண்டைக் கேரளத்தைப் பாருங்கள். அவ்வரசு தன் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றிற்று. ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தது. பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையும் அதிலேயே நடத்துகின்றது. மலையாளிக்கு இயன்றது தமிழனுக்கு இயலாதா?

"பாரதம் என்னும் பெயரைத் தாங்கி, தில்லியின் பொருளில் வந்ததாயிற்றே பாசு!" என்று நம்மவர் சிலர் முகஞ்சுளிப்பர். அவர்க்குச் சொல்வேன்: பிடிக்காத பெயரை நீக்கி, நாம் விரும்பும் தமிழ்ப்பெயர் சூட்டி, நம் சொற்களை ஏற்றி, நம் மாணவர்க்கு வழங்க அம்மூலநிரல் நமக்கு இடந்தருகின்றது. பூட்டிய மென்பொருளில் 'தெசுக்டாப்' என்று கம்பெனிக்காரன் எழுதினால் நாம் முணுமுணுக்கலாம். இங்கோ நாமே திருத்தலாம். சொல்லாக்கம் செய்யும் புலவர்க்கு இதனினும் பெரிய களம் ஏது?

"அச்சுப்பணிக்கு ஆகுமா?" என்பது மற்றொரு தடை. அச்சகத்தார் பழகிய வணிக மென்பொருள்களிற் சில இதில் இயங்கா; அதை மறைக்க மாட்டேன். ஆனால் கட்டுரை எழுதவும் கணக்கு வைக்கவும் 'லிபர் ஆபீசு' உண்டு. பக்கம் அமைக்கச் 'சுக்ரைபசு' உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின்வழி வந்த தமிழ்99 விசைப்பலகையும் இதிலுண்டு. கற்பிக்கத் தமிழில் நூலில்லை என்றும் சொல்ல முடியாது. 2012 முதல் 'கணியம்' இதழ் இத்துறையைத் தமிழிலேயே எழுதி வருகின்றது.

இன்னொன்றையும் மனம் நொந்து சொல்கின்றேன். நம் தோழர் வீடுகளிலுள்ள கணினிகளில் எத்தனை திருட்டுப் படிகள்! களவாடிய கருவியில் 'தமிழா, தன்மானங் கொள்!' என்று எழுதுவது நமக்கு நாணமாயில்லையா?

எம் பள்ளியில் ஒதுக்கப்பட்டுத் தூசி படிந்திருந்த ஏழு கணினிகளில், பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு காரிக்கிழமை மாலையில் இலினக்சை நிறுவினார். ஒரு காசு செலவில்லை. ஏழும் இயங்குகின்றன. திரையில் தமிழ்ப் பட்டியைக் கண்ட ஏழாம் வகுப்புச் சிறுமி, "ஐயா, கணினிக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் மகளே! நமக்குத்தான் அது தெரியாமற் போயிற்று.

தோழர்களே! அடுத்த திங்களுக்குள் உங்கள் இல்லத்தில் ஒரு கணினியையேனும் மாற்றுங்கள். உங்கள் பழைய கோப்புகளைத் திறந்தநிலை ஒருங்குகுறிக்கு இன்றே பெயர்த்து வையுங்கள். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டா. உங்கள் ஊர்ப் பள்ளியிலும் நூலகத்திலும் இதனைக் கேளுங்கள். மறுத்தால் மீண்டும் கேளுங்கள்.

சொல்லிற் கலப்பை நீக்கிய இயக்கம், கருவியில் அடிமையை ஏற்கலாமா? திறவுகோல் நம் கைக்கு வரட்டும்! அதன்பின் இடுவோம் கோலத்தை, நம் வீட்டு வாசலில்!