கம்ப்யூட்டர் போட்ட படமா?

டிஜிட்டல் ஓவியம் என்றதுமே, "எல்லாம் கம்ப்யூட்டர் போட்டது, இதில் ஓவியருக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் இன்றும் ஏராளம். இந்த எண்ணத்துக்கு அறுபது வயதாகிறது. 1965 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் கியோர்க் நேஸ், நிரல் எழுதி இயந்திரத்தை வரையவைத்த கோட்டோவியங்களைக் காட்சிக்கு வைத்தபோதே அங்கிருந்த ஓவியர்கள் கொதித்தார்கள். கை விலகினால் கலையும் போய்விடும் என்பதே அவர்களின் அச்சம். வேரா மோல்னாரின் படங்களுக்கு முன்னால் அந்த அச்சம் நிற்காது. ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த அவர், 1968இல் கணினியைக் கையாளத் தொடங்கினார். 1974இல் அவர் படைத்த ஒரு வரிசையில், ஒன்றினுள் ஒன்றாக அடங்கிய சதுரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சிலவற்றின் கோடுகள் மட்டும் கொஞ்சம் தடுமாறுகின்றன. தடுமாற்றமே இல்லாவிட்டால் கண் சலித்துவிடும், மிஞ்சினால் கிறுக்கலாகிவிடும். கோடு இழுத்தது இயந்திரம். எவ்வளவு கோணல் போதும், எந்தத் தாளை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானித்தது மோல்னாரின் கண்.

நிரலே எழுதாமல் திரையில் கையால் வரைபவர்களுக்கும் இது பொருந்தும். தூரிகை ஓவியங்களால் பெயர்பெற்ற டேவிட் ஹாக்னி, 2011இல் யார்க்‌ஷயரின் வசந்தகாலத்தை ஐபேடில் வரைந்தார். மறு ஆண்டு லண்டன் ராயல் அகாடமி அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அதே கருவி கோடிப் பேரிடம் இருக்கிறது. அந்த மரங்களும் அந்த வெளிச்சமும் எல்லோருக்கும் வந்துவிடவில்லை. தவறை நொடியில் அழிக்கலாமே என்பார்கள். அழிக்கலாம், ஆனால் எது தவறு என்று மென்பொருள் சொல்லாது. எத்தனை பிரதியும் எடுக்கலாம், மூலம் எது என்பார்கள். ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1498இல் வெளியிட்ட மரச்செதுக்கு அச்சுப் படங்களும் பல பிரதிகளாகப் பரவியவைதாம். அதனால் அவர் மதிப்பு குறையவில்லை.

செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் தருகிறதே என்பது கனமான கேள்வி. கலைஞர்களின் படங்களை அனுமதியின்றி அள்ளி அந்த இயந்திரங்களைப் பழக்குவது அநீதி. அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால், அந்த அநீதிக்கு முதலில் இரையானவர்களில் டிஜிட்டல் ஓவியர்களும் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் திரையில் ஒவ்வொரு கோடாக வரைபவரையும் இரண்டு வரி தட்டிவிட்டுப் படம் வாங்குபவரையும் ஒரே தட்டில் வைப்பது, பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்குவது. "கம்ப்யூட்டர்தானே போட்டது" என்று சொல்லி டிஜிட்டல் ஓவியர்களின் கூலியைக் குறைப்பதும், ஓவியப் போட்டிகளில் வாசலிலேயே நிறுத்துவதும் இந்தத் தவறான நம்பிக்கையின் நேரடி விளைவுகள். உழைப்புக்கு உரிய கூலியும் படைப்புக்கு உரிய மதிப்பும் அவர்களுக்குக் கிடைத்தாக வேண்டும்.