வண்டுக்கு விலை சொல்கிறவனிடம் விலாசம் கேளுங்கள்



ஒரு வண்டு 75 லட்சம் ரூபாய்க்கு விலை போகிறது என்ற சேதி ரெண்டு மூணு வருஷமாகச் செல்போனில் சுற்றிக்கிட்டு இருக்கிறது. மான்கொம்பு மாதிரி தாடை நீண்ட ஒரு கருப்பு வண்டின் படம், கீழே ஒரு தொலைபேசி எண், "உங்களிடம் இருந்தால் உடனே அழைக்கவும்" என்று ஒரு வரி. எங்கள் நாட்றம்பள்ளிப் பக்கம் இளவட்டங்கள் எருக்குழியைக் கிளறி வண்டு தேடுகிற அளவுக்கு அது வந்துவிட்டது. அவர்கள் பிடித்துக்கொண்டு வருவது, நாம் இனக்கவர்ச்சிப் பொறி வைத்துப் பிடித்து அழிக்கிற காண்டாமிருக வண்டு. தென்னை வைத்திருக்கிற யாரும் அதற்கு அஞ்சு பைசா தரமாட்டார்கள்.

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேல் வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றும், இப்போது மண்ணை நம்பி இருக்கிறவன் என்ற முறையில் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த விலை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜப்பானில் பிள்ளைகள் வண்டு வளர்ப்பது ரொம்ப காலமாக உள்ள வழக்கம். கோடையில் கடைகளில் கூண்டில் வைத்து விற்பார்கள். 1999இல் டோக்கியோவில் 80 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மான்கொம்பு வண்டு ஒரு கோடி யென்னுக்கு விலை போனது உலகம் முழுக்கச் செய்தியானது. அது உயிருள்ள வண்டு. அந்த நாட்டு இனம். அதற்குப் பிறகு ஆளாளுக்கு வீட்டிலேயே மக்கிய மரத்தூள் போட்டு ஜாடியில் வளர்க்க ஆரம்பித்தார்கள், விலையும் இறங்கிவிட்டது. ஆக, கால் நூற்றாண்டுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டுக்குக் கிடைத்த விலையைத்தான் இன்றைக்கு நம் ஊர் எருக்குழிக்கு ஒட்டவைத்துக் காட்டுகிறார்கள்.

இனி வங்கிக்காரன் பேச்சு. இந்த ஏமாற்று நடக்கிற விதம் எனக்குப் புதிதல்ல. பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்றார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தி ஏமாற்றியதால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை அறிவிப்பு விட வேண்டி வந்தது. மண்ணுளிப் பாம்புக்குக் கோடி என்றார்கள், கோபுரக் கலசத்து இரிடியம் என்றார்கள். பொருள்தான் மாறுகிறது, நடைமுறை ஒன்றுதான். நீங்கள் படம் அனுப்புவீர்கள். "அருமையான சரக்கு" என்பான். உடனே விலையும் சொல்லிவிடுவான். அப்புறம் பதிவுக் கட்டணம், ஆய்வகச் சான்று, ஜி.எஸ்.டி., கூரியர் இன்சூரன்ஸ் என்று ஆயிரம் ரெண்டாயிரமாகக் கறப்பான். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இப்படி மூன்று தவணையில் ஒன்பதாயிரம் கட்டிவிட்டு என்னிடம் வந்தான். நாலாவதாகக் கேட்டதையும் கட்டிவிட்டால் பணம் வந்துவிடுமா சார் என்று கேட்கத்தான் வந்தான்!

அவனைப் பேராசைக்காரன் என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை. விளைச்சலுக்கு விலை கிடைக்காத வீட்டில் பிறந்த பையன், வண்டுக்காவது விலை கிடைக்கட்டும் என்று நினைத்துவிட்டான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பொருளை விற்கிறவன் பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் எண் போடத் தேவையே இல்லை. பின் எண் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது என்றே அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிப் போய்க்கொண்டிருக்கும்.

சரி, எல்லாமே பொய்யா என்றால், இல்லை. பூச்சிகளைக் குத்திக் காயவைத்துச் சேகரிக்கிறவர்களும், இணையத்தில் வாங்கி விற்கிறவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பூச்சிக்காகக் கடல் கடந்து வருகிறவர்களும் உண்டு. 2024 மே மாதம் இலங்கையின் யால தேசியப் பூங்காவில் இத்தாலியைச் சேர்ந்த தந்தையும் மகனும் பிடிபட்டார்கள். அவர்களிடம் 92 இனங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பூச்சிகள் ஜாடிகளில் இருந்தன. அபராதம் 6 கோடி இலங்கை ரூபாய். 2025 ஏப்ரலில் கென்யாவில் சுமார் 5,000 ராணி எறும்புகளைச் சின்னச் சின்னக் குழாய்களில் பஞ்சு வைத்து அடைத்து வைத்திருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் சிக்கினார்கள். எறும்பு வளர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு அந்த ராணி ஒவ்வொன்றும் ஒரு புது எறும்புப் புற்றின் முதலீடு. ஆனால் ராணி போன நிலத்தில் புது எறும்புக் குடும்பம் உருவாகாது. ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங், இல்லாவிட்டால் ஒரு வருஷம் சிறை என்று தீர்ப்பானது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2008 ஜூனில் டார்ஜிலிங் பக்கம் சிங்கலீலா தேசியப் பூங்காவில் செக் நாட்டவர் இருவர் நூற்றுக்கணக்கான வண்டுகளோடும் வண்ணத்துப்பூச்சிகளோடும் கைதானார்கள். செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. ஒருவருக்கு 20,000 ரூபாய் அபராதம், இன்னொருவருக்கு மூன்று வருஷச் சிறையும் 60,000 அபராதமும். அவர்கள் ஆராய்ச்சியாளர்கள், வியாபாரிகள் இல்லை என்று பல நாட்டு அறிஞர்கள் குரல் கொடுத்தார்கள். அந்த வாதம் எப்படியிருந்தாலும், அனுமதி வாங்கவில்லை என்பது உண்மை. வெளிநாட்டவர் நம் உயிரினங்களை ஆராய்ச்சிக்கோ வியாபாரத்துக்கோ எடுக்க வேண்டுமென்றால் 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமை அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

உள்ளூர்க்காரனுக்கும் சட்டம் உண்டு. 1972ஆம் வருஷத்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் புலி, யானையோடு வண்ணத்துப்பூச்சிகளும் இருக்கின்றன. திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. முதல் அட்டவணை உயிரினம் என்றால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. செத்துக் காய்ந்ததை விற்றாலும் குற்றம்தான். எல்லாப் பூச்சியும் அட்டவணையில் இல்லை, வாஸ்தவம். ஆனால் எது இருக்கிறது, எது இல்லை என்று படம் பார்த்துச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாங்குகிறவன் வேறு ஊரில், வேறு பெயரில் இருப்பான். பெட்டியில் அனுப்புநர் விலாசம் நம்முடையதாக இருக்கும். மாட்டப்போவது யார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி வரும். "நாமே பூச்சியைக் கொல்கிறோம், விற்றால் மட்டும் என்ன?" நியாயமான கேள்வி. பூச்சியைக் குத்தி வைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அறிவியல் சேகரிப்பில் ஒவ்வொரு பூச்சிக்குக் கீழேயும் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது என்று எழுதியிருக்கும். அந்தச் சீட்டு இல்லாத பூச்சியால் ஆராய்ச்சிக்குப் பெரிய பிரயோஜனம் கிடையாது. இணையத்தில் முகம் தெரியாமல் நடக்கிற வியாபாரத்திலோ விலைச்சீட்டு ஒன்றுதான் பத்திரமாக இருக்கிறது.

விற்பனையையும் ஒழுங்காகச் செய்யலாம் என்பதற்குப் பப்புவா நியூ கினியா உதாரணம். அங்கே புலோலோ என்ற ஊரில் 1978இல் பூச்சி வளர்ப்புக்கும் விற்பனைக்கும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கிராமத்து மக்கள் தோட்டத்து ஓரத்தில் ஈஸ்வரமூலி இனக் கொடிகளை நட்டார்கள். பெரிய வண்ணத்துப்பூச்சிகள் தேடி வந்து முட்டையிட்டன. ஒரு பங்கை எடுத்து விற்றார்கள், மற்றதைப் பறக்க விட்டார்கள். பணம் வளர்த்தவர் கைக்குப் போனது, பூச்சிக்காகவே காட்டையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. அங்கே வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் பொறுப்பேற்கிற ஓர் அமைப்பு இருந்தது. நம் செல்போனுக்கு வருகிற அழைப்பில் அப்படி யார் இருக்கிறார்கள்?

பூச்சிக்கு உண்மையான மதிப்பு என்ன என்று கேட்டால், நான் சொல்வது பப்பாளி மாவுப்பூச்சிக் கதையைத்தான். 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய அந்தப் பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. மருந்தடித்து ஓய்ந்து போனார்கள். 2010இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. அந்தக் குளவியைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி அழகு பார்க்க யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் எத்தனை குடும்பத்தின் வெள்ளாமையை அது மீட்டுக் கொடுத்தது!

பாலாற்றுக்காரர்களான நமக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது. தோல் கப்பலேறிப் போனது. உப்பும் குரோமியமும் நம் கிணற்றில் தங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்று. பூச்சி விஷயத்தில் ரெண்டாவது பாதியையாவது நாம் கடைப்பிடிக்கலாம்.

செய்யக்கூடியது மூன்று இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அடுத்த கிராம சபையில் எழுந்து, நம் ஊர்ப் பதிவேட்டில் பூச்சிகளின் பக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். ஏலகிரி அடிவாரத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த பூச்சிப் பெயர்களை எழுதி வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ரெண்டாவது, பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு ஆடுதீண்டாப்பாளையைப் பறிக்கும்போது எல்லாவற்றையும் வேரோடு பிடுங்காதீர்கள். சிவப்பு உடம்பும் கருப்பு இறக்கையுமாக வருகிற ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும்தான் சோறு. வேலியோரம் நாலு செடி நிற்கட்டும்.

மூணாவது, வீட்டுப் பிள்ளைகள் வண்டைப் பிடித்துக்கொண்டு வந்தால் அதட்டாதீர்கள். பொன்வண்டைத் தீப்பெட்டியில் இலை போட்டு வைத்து, முட்டை இடுமா என்று காத்துக் கிடந்த தலைமுறைதானே நாம்? எந்தச் செடியில் இருந்தது, எதைத் தின்றது என்று கேளுங்கள். படம் எடுத்து, தேதியும் இடமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். என்ன விலை போகும் என்று அந்தப் பிள்ளை கேட்டால், வாங்குகிறவரின் முழுப் பெயரையும் விலாசத்தையும் முதலில் கேட்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அத்தோடு அந்த அழைப்பு நின்றுவிடும்.