வெட்கத்தில் மறைக்கும் வருத்தம்



இம்முறை நான் எழுதப்போவது, நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் யாரும் வாயெடுக்காத விடயம். மலம் கழிப்பதைப் பற்றியது. முகம் சுளிக்காமல் கடைசிவரை வாசியுங்கள். இதைப் பேசாமல் விட்டதால் வந்த துன்பத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதில் என்னுடைய பிழையும் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு அக்கா பின்னால் வந்தார். வயது 52. கணவரை 2009 இல் இழந்தவர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து இரண்டு பெண் பிள்ளைகளைப் படிப்பித்தவர். கூட்டத்தின் நடுவில் அவர் இரண்டு மூன்று தடவை எழுந்து வெளியே போனதை நான் கவனித்திருந்தேன்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கோணும். மலத்தோட இரத்தம் போகுது. ஒண்டரை வருசமா. மூலம்தானே?" என்றார்.

2009 இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது மலசலகூட வரிசைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாராம். இரவில் போக நேரும் என்று மாலையில் சாப்பிடாமல் இருந்த நாட்களும் உண்டு. அப்போது தொடங்கிய மலச்சிக்கல் பழகிப்போய்விட்டது. ஆகவே இரத்தத்தைக் கண்டதும் மூலம் என்று தானே முடிவுகட்டி, நாட்டு மருந்தும் கடையில் வாங்கிய களிம்பும் போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆண் டொக்டர் சோதிப்பாரே என்ற வெட்கம் ஒரு பக்கம். ஒரு நாள் போனால் ஒரு நாள் இடியப்பம் நின்றுவிடும் என்ற கவலை மறுபக்கம்.

எனக்கும் அன்று மூலம் என்றுதான் தோன்றியது. "எதுக்கும் ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவர் காட்டியது மேலும் நான்கு மாதங்கள் கழித்து. வந்த முடிவு, மலக்குடல் புற்றுநோய்.

இது என்ன வருத்தம்?

எங்கள் பெருங்குடல் ஏறக்குறைய ஐந்து அடி நீளமானது. அதன் கடைசிப் பகுதிதான் மலக்குடல். இதன் உட்சுவரில் சிலருக்குச் சிறிய சதை முளைகள் தோன்றும். பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் சில முளைகள் மெல்ல மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறுகின்றன. இதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் வரை எடுக்கும்.

அந்தப் பத்து ஆண்டுகள்தான் எங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. முளையாக இருக்கும்போதே கண்டு அகற்றிவிட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். நோய் வந்த பின்னரும், அது குடலைத் தாண்டுமுன் கண்டுபிடித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள் என்று அமெரிக்கக் கணக்குகள் சொல்கின்றன. ஈரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டால் அப்படி வாழ்பவர் பத்தில் ஒருவர் அல்லது இருவர்தான்.

2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆண்களுக்கு வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். அவ்வாண்டு பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்ததாக அதிகம் காணப்பட்டது இதுதான்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

* மலத்துடன் அல்லது மலம் கழித்த பின் இரத்தம் போதல்
* மூன்று வாரங்களுக்கு மேலாக வழமை மாறுதல்: புதிதாக மலச்சிக்கல், வயிற்றோட்டம், அல்லது இரண்டும் மாறி மாறி வருதல்
* போய் வந்த பின்னும் முழுவதும் போகவில்லை என்ற உணர்வு
* காரணமின்றி மெலிதல், விடாத வயிற்று வலி, வயிற்றில் கட்டி
* இரத்தசோகையும் தீராத களைப்பும்

கடைசியாகச் சொன்னதை எங்கள் பெண்கள் பெரிதாக எடுப்பதில்லை. "வேலைக் களைப்பு" என்று விட்டுவிடுகிறோம். மாதவிடாய் நின்ற பின் ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது அவசியம். குளிசையை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், "ஏன் குறைந்தது?" என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

இந்த அறிகுறிகள் உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலம் என்று சொல்ல வேண்டியவர் வைத்தியர். வயிற்றில் ஷெல் துண்டு பட்ட சகோதரிகள் எந்த வலியையும் பழைய காயத்தின் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அதுவும் ஆபத்து.

அறிகுறி இல்லாவிட்டாலும் சோதிக்கலாமா?

சோதிக்கலாம். முளைகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை உண்டு. சிறிது மலத்தைக் குப்பியில் எடுத்துக் கொடுத்தால் போதும். ஜப்பானில் 1992 முதல் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதில் சோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

மற்றையது, மெல்லிய குழாயில் பொருத்திய கமராவால் குடலின் உள்ளே பார்ப்பது. முதல் நாள் மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். அதுதான் கொஞ்சம் கஷ்டம். சோதனையின்போது மயக்கம் தரும் ஊசி போடுவார்கள். முளை கண்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம்.

கேற்றி கூரிக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி அறிவிப்பாளரின் கணவர் 1998 இல், 42 வயதில் இந்நோயால் இறந்தார். சிறு பிள்ளைகள் இருவருடன் தனித்துப்போன அவர், 2000 ஆம் ஆண்டில் தனக்குச் செய்த கமராச் சோதனையைத் தொலைக்காட்சியில் நாடே பார்க்கக் காட்டினார். அதன்பின் இச்சோதனைகள் சுமார் 20 வீதம் கூடியதாக ஓர் ஆய்வு கூறியது. ஒரு பெண் வெட்கத்தை விட்டதால் எத்தனையோ பேர் சோதனைக்குப் போனார்கள்.

"குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா?"

வைத்தியர் கட்டாயம் இக்கேள்வியைக் கேட்பார். பெற்றோருக்கோ சகோதரருக்கோ இருந்திருந்தால் 40 வயதிலேயே, சிலவேளை அதற்கும் முன்னரே சோதிக்க வேண்டும். எங்களில் பலரும் "இல்லை" என்றே சொல்கிறோம். ஆனால் எங்கள் தகப்பன்மாரும் அண்ணன்மாரும் எத்தனை பேர் இந்நோய் வரும் வயதுவரை வாழ்ந்தார்கள்? யுத்தம் அவர்களை அதற்கு முன்னரே கொண்டுபோய்விட்டது. ஆகவே "தெரியாது" என்று உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பதிலும் வைத்தியருக்கு உதவும்.

எங்கே போவது?

சுகவனிதையர் கிளினிக்கில் மார்பையும் கருப்பைக் கழுத்தையும் சோதிப்பார்கள். குடலைப் பற்றி நீங்களாகச் சொன்னால்தான் தெரியவரும். அங்கேயோ, உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமோ, அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவிலோ சொல்லுங்கள். பெண் வைத்தியர் வேண்டும், அல்லது சோதிக்கும்போது பெண் தாதி நிற்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முன்பு இந்நோய்க்கு மகரகமவுக்கு ஓட வேண்டியிருந்தது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியால் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை 2013 முதல் தெல்லிப்பழையில் இயங்குகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். போக்குவரத்துச் செலவுக்கு வழியில்லாதவர்கள், நோயாளர் உதவிப்பணம் பற்றிப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். குரக்கன், தவிடு போகாத அரிசி, பயறு, கீரை நல்லவை. சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைக் குறையுங்கள். ஆனால் நன்றாகச் சாப்பிடுபவருக்கும் இந்நோய் வரும். சாப்பாடு சோதனைக்கு ஈடாகாது.

அந்த அக்கா இன்று உயிரோடு இருக்கிறார். கதிர்ச் சிகிச்சையும் சத்திரசிகிச்சையும் நடந்தன. மலம் போவதற்கு வயிற்றில் பை பொருத்தியிருக்கிறார்கள். அது நிரந்தரம். இடியப்பம் அவிக்கிறார், முன்னரைப்போல அவ்வளவு இல்லை. "முதலே வந்திருந்தா இந்தப் பை தேவைப்பட்டிராது எண்டு டொக்டர் சொன்னவர். மற்றாக்களுக்குச் சொல்லும் தங்கச்சி" என்றார். அவர் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் சங்கக் கூட்டத்திலும் அடிக்கடி எழுந்து வெளியே போகும் ஒருவர் இருக்கலாம். தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். "காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு என்னைப்போல பஸ் ஏறிவிடாதீர்கள். அவருடன் கூடப் போங்கள்.