கறுப்பு ஸ்க்ரீனைவிட டேஞ்சர் எது?

சிம்போசியம் நாள். செமினார் ஹால் ஹவுஸ்ஃபுல். முன்வரிசையில் சீஃப் கெஸ்ட். நம்மாளு கெத்தாக மேடையேறி லேப்டாப்பை புரொஜெக்டரில் செருகுவார். நீல ஸ்க்ரீனில் ‘நோ சிக்னல்’! ஒயரை ஆட்டி, இருக்கிற கீயெல்லாம் தட்டி முடிப்பதற்குள் பின்பெஞ்ச் விசிலில் மானம் போய்விடும். பரவாயில்லை பாஸ், போனது மானம் மட்டும்தான்!

இதே ‘நோ சிக்னல்’ ஒரு டாங்கிக்குள் வந்தால்?

மேல்மூடியைச் சாத்திவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்கு வெளியுலகம் என்பதே பெரிஸ்கோப்பும் ஸ்க்ரீனும்தான். பகல் கேமரா, கும்மிருட்டிலும் சூட்டை வைத்தே ஆளைக் காட்டும் தெர்மல் கேமரா, பின்பக்க கேமரா, மேப்... ஒவ்வொன்றும் ஒவ்வொரு சைஸில் படம் அனுப்பும. அத்தனையையும் வாங்கி, அளவு சரிபண்ணி, ஒரே திரையில் கட்டம் கட்டிக் கொடுக்கிற பெட்டிதான் வீடியோ டிஸ்ப்ளே பிராசஸர்.

‘இதை நம்ம பி.சி.யே செய்யுமே?’ செய்யும், ஏ.சி. ரூமில்! 2001-ல் ரஷ்யாவிடம் 310 டி-90 டாங்கிகள் வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. ராஜஸ்தான் வெயிலில் இறக்கினால், அவற்றின் தெர்மல் சைட்டுகள் சூடு தாங்காமல் மக்கர் பண்ணின. பீரங்கி ரெடி, ஆள் ரெடி, கண் மட்டும் அவுட்!

அதனால்தான் இந்தப் பெட்டிகளின் டிசைனே வேற. பெரும்பாலும் ஃபேன் கிடையாது. ஏன்னா, அது காற்றோடு மணலையும் இழுக்கும். சிப்பின் சூடு நேராக அலுமினிய உடம்புக்கு இறங்கி வெளியேறும். போர்டுக்கு மேல் ஈரம் புகாத பூச்சு. குலுக்கலில் கழலாத, திருகிப் பூட்டும் கனெக்டர். நம்ம ராணுவ எலெக்ட்ரானிக்ஸுக்கு ‘ஜே.எஸ்.எஸ். 55555’ என்றே ஒரு டெஸ்ட் விதிமுறை உண்டு. வெப்பம், குளிர், தூசி, அதிர்வு, உப்புக்காற்று என்று வறுத்து எடுத்துவிடுவார்கள்.

அடுத்த வில்லன், தாமதம். மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 10 மீட்டர. படம் 0.1 விநாடி லேட்டானால், டிரைவர் பார்ப்பது 1 மீட்டருக்கு முந்தின ரோடு! அதனால், முழு ஃப்ரேமும் வரட்டும் என்று காத்திருக்காமல், வரி வரியாக வேலையை முடிக்கிற எஃப்.பி.ஜி.ஏ. சிப்புகளைப் போடுகிறார்கள்.

இப்ப தலைப்புக்கு வருவோம். கறுப்பு ஸ்க்ரீனைவிட டேஞ்சர், உறைந்துபோன ஸ்க்ரீன்! கறுப்பானால் ‘கண்ணு போச்சு’ன்னு தெரிஞ்சுடும். உறைஞ்ச படமோ, ‘எல்லாம் ஓகே’ என்று பொய் சொல்லும். வெட்டவெளி அமைதியாகத் தெரியும், எதிரி பக்கத்தில் வந்திருப்பான். அதனால், கேமரா நின்ற நொடியே ‘இது பழைய படம்’ என்று எச்சரிப்பதும், மற்ற கேமராக்களை விடாமல் ஓட்டுவதும்தான் நல்ல பெட்டிக்கு அடையாளம்.

அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ. நம்ம ஆவடியில்தான் இருக்கு. நாளைக்கு அங்கே நீங்களும் உட்காரலாம். அதுக்கு முன்னாடி, ஃபைனல் இயர் புராஜெக்டை ஒருநாள் மே மாச மொட்டைமாடியில் ஓட்டிப் பாருங்க. கூடவே, ஒயரைப் பிடுங்கினால் அது உண்மையைச் சொல்லுதான்னும் பாருங்க.

வைவாவில் பதில் தெரியாதப்ப நாம செய்யவேண்டியதும் அதேதான் மச்சி!