தீப்பந்தம் வேண்டாம்!

முருங்கைக் கொம்பில் பலாப்பழம் போல ஒரு கொத்து தொங்குகிறது. கிட்டே போனால் 'கொய்' என்ற சத்தம். அத்தனையும் தேனீக்கள்!

உடனே தெரு கூடிவிடுகிறது. பையன் ஒருவன் கல்லை எடுக்கிறான். பெரியவர் ஒருவர் தீப்பந்தம் கட்டுகிறார். சற்று நேரத்தில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் கருகி விழுகின்றன. பிழைத்தவை கொட்டுகின்றன. யாருக்கு லாபம்?

அந்தக் கொத்து எங்கிருந்து வந்தது? கூட்டில் ஈக்கள் பெருகினால் இடம் போதாது. புது ராணி பிறக்கும் தறுவாயில் பழைய ராணி கூட்டத்தில் ஒரு பகுதியை அழைத்துக்கொண்டு வெளியேறும். அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போவது போலத்தான். புது வீடு கிடைக்கும் வரை அவை மரத்தில் தங்கும். சில மணி நேரம் இருக்கலாம். ஓரிரு நாளும் ஆகலாம். புறப்படும்போதே வயிறு நிறையத் தேன் குடித்திருக்கும். காக்க வேண்டிய அடையும் குஞ்சும் அங்கே இல்லை. ஆகவே சீண்டாத வரை அவை கொட்டுவது குறைவு.

தேனீ வளர்க்கத் தொடங்குபவருக்கு இது வீடு தேடி வந்த செல்வம். விலை கொடுத்து வாங்க வேண்டிய கூட்டம் சும்மா கிடைக்கிறது!

ஆனால் அவசரம் கூடாது. முதலில் எந்த ஈ என்று பார்க்க வேண்டும். மரப்பொந்தில் வாழும் இந்தியத் தேனீதான் பெட்டிக்கு ஏற்றது. உயர்ந்த மரத்திலும், தண்ணீர்த் தொட்டியிலும் பெரிய ஒற்றை அடை கட்டுவது மலைத்தேனீ. உருவத்தில் பெரியது, துரத்தித் துரத்திக் கொட்டும். பெட்டியில் தங்காது. அதன் பக்கமே போகக் கூடாது. வித்தியாசம் தெரியாதவர், தெரிந்தவரை அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பிடிப்பது எப்படி? முகத்துக்கு வலை கட்டிக்கொள்ள வேண்டும். கொத்தின் அடியில் துணிப்பையைப் பிடித்து, கொம்பை ஒரே உலுக்காக உலுக்க வேண்டும். பையில் உள்ளதைப் பெட்டியில் கொட்டி, மரத்தடியிலேயே சாயங்காலம் வரை வைக்க வேண்டும். ராணி உள்ளே இருந்தால் மற்றவை தாமாக வந்து சேரும். ராணி வெளியே நின்றால் எல்லாம் வெளியே போய்விடும். இருட்டிய பிறகு பெட்டியை நிழலான இடத்துக்கு மாற்றலாம்.

பிடித்ததோடு வேலை முடியவில்லை. நோயில்லாத வேறு பெட்டியிலிருந்து முட்டையும் புழுவும் உள்ள ஓர் அடையை வைத்தால் கூட்டம் எளிதில் ஓடாது. சில நாள் மாலையில் சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும். எறும்பு ஏறாமல் பெட்டிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும்.

கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்து எடுக்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ, உடல் முழுதும் தடித்தாலோ, பல ஈக்கள் கொட்டினாலோ ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இது சிறு தொழில் என்று இளக்காரம் வேண்டாம். மார்த்தாண்டத்தைப் பாருங்கள். 1920-களில் அங்கே கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பு சொல்லித் தரப்பட்டது. பல குடும்பங்கள் பிழைத்தன. 1991-92-ல் புழுக்களைக் கொல்லும் ஒரு நோய் வந்து பெட்டிகளைக் காலியாக்கியது. மக்கள் மனம் தளரவில்லை. மீண்டும் வளர்த்தார்கள். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது!

தேன் மட்டுமா? பூசணி காய்க்கவும், சூரியகாந்தி மணி பிடிக்கவும் தேனீ வேண்டும். கூட்டத்தைக் கொளுத்துகிறவர் தம் தோட்டத்து விளைச்சலையும் சேர்த்தே கொளுத்துகிறார்.

ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு காரியம் செய்யலாம். பக்கத்தில் தேனீ வளர்ப்பவர் யார், அவருடைய போன் எண் என்ன என்று பலகையில் எழுதி வைக்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

அடுத்த முறை கொம்பில் கொத்து தொங்கினால், பந்தம் கட்ட வேண்டாம். பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு, தெரிந்தவருக்கு ஆள் அனுப்புங்கள். ஓர் ஏழைக் குடும்பத்தின் பெட்டியில் விளக்கேற்றிய புண்ணியம் உங்களுக்குச் சேரும்!