பெண் கல்வியில் எந்த நாடு முன்னிலை? பட்டியலை நம்பும் முன் பார்க்க வேண்டிய 3 எண்கள்

பெண் கல்வியில் எந்த நாடு டாப், எது கடைசி என்று அவ்வப்போது ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து விழும். அதே நாடு இன்னொரு பட்டியலில் வேறு இடத்தில் நிற்கும். அப்படின்னா எது பொய்? பெரும்பாலும் இரண்டுமே உண்மைதான். அளந்த விஷயம்தான் வேறு.

எந்த வகுப்புகளைப் பற்றிய கணக்கு இது?

சர்வதேச ஒப்பீடுகளில் இடைநிலைக் கல்வி என்பது தொடக்கப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே உள்ள படிப்பு. நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ 6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை. பள்ளி தூரமாகும், செலவு கூடும், வயதுக்கு வந்ததும் சில வீடுகளில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். பல நாடுகளில் பெண் பிள்ளைகளின் படிப்பு நிற்கும் இடம் இதுதான்.

அந்த 3 எண்கள் என்ன?

1. சேர்க்கை விகிதம்: இப்போது எத்தனை பேர் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள் என்பது. மொத்தச் சேர்க்கை விகிதம் 100 சதவீதத்தைத் தாண்டவும் செய்யும். வயது கடந்து படிப்பவர்களும், ஃபெயிலாகி அதே வகுப்பில் இருப்பவர்களும் இதில் சேர்ந்துவிடுவார்கள்.

2. நிறைவு விகிதம்: குறிப்பிட்ட வயதுப் பிரிவில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பது.

3. கல்வித் தகுதி: 25 வயதைத் தாண்டிய பெண்களில் எத்தனை பேர் இடைநிலைக் கல்வியை எட்டியவர்கள் என்பது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பாலினச் சமத்துவமின்மைக் குறியீடு இதைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதில் ஓரளவு படித்திருந்தாலே போதும், முடித்திருக்க வேண்டியதில்லை.

ஆப்கானிஸ்தான்: எண்ணில் தெரியாத இழப்பு

2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த மாதமே, மேல் வகுப்புகள் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் திறக்கப்பட்டன. 2022 மார்ச் 23-ல் மாணவிகளுக்கும் திறக்கும் என்று நம்பி வந்தவர்கள், சில மணி நேரத்தில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் பெண்களுக்கு மூடியது. இன்று பெண்களுக்கு இடைநிலைக் கல்வியைத் தடை செய்துள்ள ஒரே நாடு இதுதான். இதனால் பாதிக்கப்பட்ட சிறுமிகள் 22 லட்சம் பேர் என்று 2025-ல் யுனிசெஃப் சொன்னது.

சேர்க்கை விகிதத்தில் இது உடனே தெரியும். ஆனால் 25 வயதைத் தாண்டியவர்களின் கணக்கில்? 2021-ல் 12 வயதில் இருந்த சிறுமிக்கு 25 ஆவது 2034-ல்தான். அதுவரை அவள் அந்தக் கணக்கில் வரவே மாட்டாள். மூன்றாவது எண் சொல்வது பெரும்பாலும் பழைய கதையைத்தான்.

வங்கதேசம்: சேர்ந்தார்கள், முடித்தார்களா?

1994-ல் வங்கதேசம் கிராமப்புற மாணவிகளுக்கான உதவித்தொகையை நாடு முழுக்க விரிவாக்கியது. நிபந்தனைகள் மூன்று: 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், பள்ளி இறுதித் தேர்வு வரை கல்யாணம் கூடாது. இன்று அங்கே இடைநிலைச் சேர்க்கையில் பெண்கள் ஆண்களை முந்திவிட்டார்கள்.

ஆனால் 2019 கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 51 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. சேர்க்கையை மட்டும் பார்த்தால் வெற்றிக் கதை. நிறைவு விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுக் கதை.

ஆணும் பெண்ணும் சமம் என்றால் நல்ல செய்தியா?

எப்போதும் இல்லை. ஆயிரத்தில் 200 சிறுவர்கள், 200 சிறுமிகள் படித்தாலும் சமம்தான். 900, 900 என்றாலும் சமம்தான். உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளிக் குறியீடு அளப்பது இந்த இடைவெளியை மட்டுமே, கல்வியின் அளவை அல்ல. ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் பள்ளியில் பெண்கள்தான் அதிகம். சிறுவர்கள் பலர் ஆடுமாடு மேய்க்கப் போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்தியா எங்கே நிற்கிறது?

எந்த இந்தியா என்று கேட்க வேண்டியிருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் படித்த பெண்கள் நாடு முழுக்க 41 சதவீதம். கேரளத்தில் 77, தமிழ்நாட்டில் 56.6, பிஹாரில் 28.8. தேசிய சராசரி இந்த மூன்றில் எதற்கும் பொருந்தவில்லை. பள்ளி தூரம் என்பதால் படிப்பு நிற்கக் கூடாது என்று பிஹார் 2006-ல் 9-ம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் தரத் தொடங்கியது. சேர்க்கை கூடியதை ஆய்வுகளும் உறுதி செய்தன.

தமிழ்நாடு 1989-ல் வேறு வழியில் போனது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தில் படித்த பெண்ணுக்குத் திருமண உதவி கிடைத்தது. 2022-ல் அதுவே புதுமைப் பெண் திட்டமானது. இப்போது அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் கல்லூரிப் படிப்புக்குப் போகிறது.

அடுத்த பட்டியல் வந்தால்?

சேர்ந்தவர்களின் கணக்கா, முடித்தவர்களின் கணக்கா? எந்த வயதுப் பெண்கள்? மொத்த அளவா, ஆண்-பெண் இடைவெளியா? பதில் இல்லாத பட்டியலை ஃபார்வர்டு செய்யாமல் விட்டுவிடலாம்.