எந்தப் பிராசஸர்?

மயிலாப்பூர் மாடவீதியில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர், சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகக் காப்பி வேளைக்கு நம் வீட்டுக்கு விஜயம் செய்தார். கூடவே அவருடைய புதல்வனும் வந்தான். தகப்பனாரும் பிள்ளையும் சேர்ந்தாற்போல் வந்தால், ஒன்று கலியாண சமாசாரமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வழக்காக இருக்க வேண்டும். பையன் இஞ்சினீயரிங் கல்லூரியில் இரண்டாம் வருஷந்தான் வாசிக்கிறான். ஆகவே வழக்குத்தான் என்று தீர்மானித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

வழக்கு இதுதான். பையன் 'ஓவர்கிளாக்கிங்' போட்டி ஒன்றில் கலந்துகொள்ளப் போகிறான். கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசஸரை, அதைச் செய்தவர்கள் விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டிக் காட்டும் பந்தயம் அது. அதற்காக ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதற்குள்ளே விலை உயர்ந்த பிராசஸரைப் பார்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். தகப்பனாருக்கு இரண்டு ஆட்சேபணைகள். முதலாவது ஆட்சேபணை பணம். அதற்கு விளக்கம் தேவையில்லை. இரண்டாவது ஆட்சேபணைதான் விசேஷமானது.

"ஸார்! அடையாற்றுக்குப் பக்கத்தில், நம் ஐ.ஐ.டி.யில், 'சக்தி' என்று சுதேசிப் பிராசஸரே செய்திருக்கிறார்களாம். அது இருக்கும்போது அந்நிய நாட்டுச் சரக்குக்கு இவ்வளவு பணத்தைக் கொட்டி அழுவானேன்? போட்டிக்குப் போகிறவன் அதை வைத்துக்கொண்டு போகட்டுமே!" என்றார்.

பையன் சிரித்தான். "மாமா! நீங்களே அப்பாவுக்குச் சொல்லுங்கள்" என்றான்.

சொல்வதற்கு நமக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை நேயர்களுக்கும் சொல்லி வைக்கிறோம். இந்த வழக்கு நாளைக்கு உங்கள் வீட்டிலும் வரலாம்.

பங்குனி மாதம் அறுபத்துமூவர் உற்சவத்தில் சுவாமி பல்லக்குத் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மேளத்தின் அடிக்கு அடி அவர்களுடைய கால் விழுகிறது. பிராசஸருக்குள்ளும் அப்படி ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் கணக்கு ஒரு படி நகரும். ஒரு விநாடியில் நூறு கோடி தட்டு விழுந்தால் அதற்கு ஒரு கிகாஹெர்ட்ஸ் என்று பெயர். மேளத்தை முடுக்கினால் பல்லக்கும் வேகமாகப் போகும். ஆனால் ஓர் எல்லை தாண்டிவிட்டால், எடுத்த காலைக் கீழே வைப்பதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். பிறகு பல்லக்கின் கதி என்ன? பிராசஸரிலும் அதே கதைதான். முந்திய கணக்கு முடிவதற்குள் அடுத்த தட்டு விழுந்தால் விடை தப்பிப் போகும். யந்திரம் திகைத்து நின்றுவிடும்.

அப்படி நிற்காமல் இருக்க மின்னழுத்தத்தைக் கூட்டுவார்கள். அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது. அழுத்தம் கூடினால் உஷ்ணம் அதன் வர்க்கமாகக் கூடும். அழுத்தத்தை நூற்றுக்குப் பத்து ஏற்றி, வேகத்தையும் நூற்றுக்குப் பத்து ஏற்றினால், உஷ்ணம் நூற்றுக்கு முப்பத்துமூன்று ஏறிவிடுகிறது. வெறும் காற்றாடி வைத்துக் குளிர வைப்பவர்கள், அறையில் இருக்கும் சூட்டுக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. கத்திரி வெயிலில் மயிலாப்பூர் மாடி அறை எப்படி இருக்கும் என்பதை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை.

ஆகையால் பெரிய பந்தயக்காரர்கள் திரவ நைட்ரஜனைக் கொட்டுகிறார்கள். அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. உலக சாதனை செய்கிறவர்களுக்கு அதுவும் போதாமல், அதைவிடக் குளிர்ந்த திரவ ஹீலியத்துக்குப் போய்விட்டார்கள். 2011-ம் வருஷம் ஏ.எம்.டி.யின் எஃப்.எக்ஸ் 8150 என்னும் பிராசஸரை அவ்விதம் 8.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஓட்டினார்கள். பிற்பாடு இன்டெல்லின் ஐ9 14900 கே.எஃப். 9.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிற்று. கடையில் விற்கும்போது அதன் உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸ்தான்.

ஆனால் நம் ஊரில் இந்தக் குளிர் வித்தைக்கு ஒரு தனிச் சத்துரு உண்டு. அதுதான் கடற்காற்று. குளிர்ந்த சொம்பின் மேல் முத்து முத்தாய் நீர் கோப்பதுபோல், மதர்போர்டின் மேலும் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு சொட்டு வழிந்தால் போதும், பிராசஸரும் போயிற்று, பலகையும் போயிற்று. இதற்காகப் பலகை முழுவதும் வாஸலைன் பூசுகிறவர்கள் உண்டு. சாந்தோமிலும் அடையாற்றிலும் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும்.

இனி, எதை வாங்குவது? முதலில், விலைச் சீட்டைப் பார்க்கும் முன்பு போட்டியின் விதிகளைப் பார்க்க வேண்டும். வெறும் வேகத்துக்குப் பரிசா, கணக்கை முடிக்கும் நேரத்துக்குப் பரிசா? எத்தனை 'கோர்' உள்ள பிராசஸர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன? சிறிய பிராசஸர்களுக்குத் தனி வகுப்பு இருக்குமானால், ஆனை விலை கொடுத்து ஆனையை வாங்குவது வீண்.

இரண்டாவது, பூட்டுச் சமாசாரம். இன்டெல் கம்பெனியில் சாதாரணமாகப் பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்து உள்ள பிராசஸர்களில்தான் வேகத்தின் பெருக்கு எண்ணை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். மற்றவற்றைக் கம்பெனியே பூட்டி அனுப்புகிறது. ஏ.எம்.டி.யின் ரைஸன் ஜாதியில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை. பிராசஸர் திறந்திருந்தாலும் மதர்போர்டு இடம் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, அதிருஷ்டம். ஒரே பலா மரத்தில் கடைந்த இரண்டு வீணைகளுக்கு ஒரே நாதம் இருப்பதில்லை. அதுபோல, ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த இரண்டு பிராசஸர்களில் ஒன்று எட்டிப் பிடிக்கும் வேகத்தை மற்றது எட்டாது. சாதனைக்காரர்கள் பலவற்றை வாங்கிச் சோதித்து ஒன்றைப் பொறுக்குகிறார்கள். நம் நண்பரைப் போன்ற குடும்பஸ்தர்கள் அந்த வழிக்குப் போவதற்கில்லை. ஆகையினால், மலிவான பழைய பிராசஸர் ஒன்றை வாங்கி, வெந்து போனாலும் வயிறு எரியாதபடி கை பழகுவதே உத்தமம். ஓட்டும் வித்தைதான் மேலே வரவர உபயோகப்படும். விலை உயர்ந்ததெல்லாம் உறுதியானது என்றும் எண்ணிவிடக் கூடாது. இன்டெல்லின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைப் பிராசஸர்களில் சில, அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தினால் நிலை தடுமாறுவதாக 2024-ல் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டித்தது.

இது வரையில் தீர்ப்பு பையன் பக்கம். நண்பரின் முகம் வாடிற்று. "அப்படியானால் நம் 'சக்தி' எதற்கும் உதவாதா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும். தேசாபிமானத்துக்காகப் பொய் சொன்னால் தேசத்துக்கு அதனால் நன்மை கிடையாது. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி முதலானவர்கள் 2014-ல் தொடங்கிய முயற்சி 'சக்தி'. 2018-ல் அதன் முதல் சில்லு அமெரிக்காவில், ஆரிகன் மாகாணத்திலுள்ள இன்டெல் ஆலையில் உருவாயிற்று. அதே வருஷம் மற்றொன்று நம் தேசத்திலேயே, சண்டிகாரிலுள்ள அரசாங்க ஆலையில் உருவாயிற்று. முன்னது 22 நானோமீட்டர் நுட்பம். பின்னது 180 நானோமீட்டர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரந்தான் நாம் இன்னும் கடக்க வேண்டிய தூரம். 2020-ல் வெளிவந்த 'மௌஷிக்' என்னும் சில்லு நூறு மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடுவது. 9 கிகாஹெர்ட்ஸ் குதிரையோடு மூஞ்சூறைப் பந்தயத்தில் விட்டால், மூஞ்சூறுக்கும் அவமானம், பிள்ளையாருக்கும் அவமானம்!

ஆனால் குதிரைப் பந்தயம் ஒன்றுதானா உலகத்தில்? 2020-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மத்திய சர்க்கார் 'சுதேசி மைக்ரோபிராசஸர் சாலஞ்ச்' என்று ஒரு போட்டி வைத்தார்கள். மொத்தப் பரிசு ரூ. 4.30 கோடி. அதில் சேர்ந்தவர்களும் பிராசஸர் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருந்தது. சென்னையின் 'சக்தி' ஒன்று. திருவனந்தபுரத்து சி-டாக் நிலையத்தின் 'வேகா' மற்றொன்று. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் பெயர் கொடுத்தன. அங்கே கேட்கப்பட்டது வேகம் அல்ல. இந்தப் பிராசஸரைக் கொண்டு ஜனங்களுக்கு உபயோகமான கருவி என்ன செய்வாய் என்பதே. அளவுமானிகளையும் சிறு கருவிகளையும் ஆள்வதற்கு 32 பிட் உள்ள 'ஈ' வகுப்பு. கனமான வேலைக்கு 64 பிட் உள்ள 'ஸி' வகுப்பு. வேலைக்குத் தக்கது எது என்று பார்ப்பதே அங்கேயும் தேர்வின் ரகசியம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பையன், "அதில் வேகத்தை மாற்ற முடியுமா, மாமா?" என்று கேட்டான். அவனுக்கு அவன் கவலை!

முடியும் என்றோம். 'சக்தி', ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த இலக்கணத்தில் எழுதப்பட்டது. 2010-ல் அமெரிக்காவின் பெர்க்கிலி சர்வகலாசாலையில் பிறந்த அந்த இலக்கணத்துக்கு யாருக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை. 'சக்தி'யின் வரைபடமோ யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், விற்கலாம். எஃப்.பி.ஜி.ஏ. என்னும் பலகை ஒன்று வாங்கினால், மேஜைமேல் வைத்தே அந்தப் பிராசஸரை அதற்குள் நிறுவிவிடலாம். தாளத்தை முடுக்கலாம், முடுக்கினால் கணக்கு எந்த இடத்தில் பின்தங்குகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தையே திருத்தி எழுதவும் செய்யலாம். கம்பெனி எந்தப் பூட்டைத் திறந்து விற்கிறதோ, அதை மட்டும் திருகிப் பார்ப்பவன் ஓவர்கிளாக்கிங் வீரன். இங்கேயோ பூட்டே கிடையாது. சாவி கொத்தாக நம் கையில் இருக்கிறது.

அந்தச் சாவியால் திறந்த கதவுகள் சில ஏற்கெனவே தெரிகின்றன. ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த மைண்ட்குரோவ் கம்பெனி, 'சக்தி'யை ஆதாரமாகக் கொண்டு 700 மெகாஹெர்ட்ஸ் சில்லு ஒன்றை 2024-ல் வெளியிட்டது. 2025 பிப்ரவரியில், இஸ்ரோவுக்காக வகுத்த 'ஐரிஸ்' என்னும் சில்லு உயிர் பெற்றது. சண்டிகாரில் வார்த்து, கர்நாடகத்தில் உறையிட்டு, குஜராத்தில் செய்த பலகையில் வைத்துச் சென்னையில் பூட்டியது அது. ஆகாயத்துக்குப் போகும் கருவியில் வேகத்தைவிட நம்பிக்கைதான் பெரிது. அதற்குள் இருப்பது என்ன என்று நமக்கே தெரிந்திருப்பது அதனினும் பெரிது.

கடைசியில் நாம் அளித்த தீர்ப்பு: பையன் மத்திம விலையில், பூட்டில்லாத பிராசஸர் ஒன்றை வாங்கிக்கொண்டு போட்டிக்குப் போகலாம், திரவ நைட்ரஜனை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மிச்சமாகும் பணத்தில் ஒரு எஃப்.பி.ஜி.ஏ. பலகை வாங்கி, அடுத்த விடுமுறைக்குள் அதில் 'சக்தி'யை ஓட்டிக் காட்ட வேண்டும்.

பையன் உடனே சம்மதித்தான். நண்பர் மட்டும் சிறிது யோசித்துவிட்டு, "மிச்சமாகும் பணம் என்றீர்களே, ஸார்! அது வீட்டுக்கு அல்லவா மிச்சமாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்?" என்றார்.

அந்த அப்பீலை விசாரிக்க நமக்கு அதிகாரம் இல்லை. வீட்டிலே மாமி இருக்கிறார் என்று சொல்லி, இருவரையும் அனுப்பி வைத்தோம்.